சுட்ட வெங்காயம்

சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் மூன்று நாளாக ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கினோம். அம்மா ஒரு வாய் வைப்பாள். "இது இல்ல, வா" என்று எழுந்துவிடுவாள்.

"உனக்கு நாக்கு நாலு முழம்மா" என்றேன் சலிப்போடு.

பதினோராவது ஓட்டலில் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்ததும் பரிமாறியவரைக் கூப்பிட்டாள். "வெங்காயத்தைச் சுட்டு அரைச்சது யாரு? கூப்பிடுங்க."

வந்த சமையல்காரரைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "இந்தப் பக்குவம் யார் சொல்லித் தந்தது?"

"முன்னாடி இருந்த மாஸ்டர்மா. அவங்கம்மா பக்குவமாம். சின்ன வயசுல வீட்டைவிட்டு ஓடி வந்தவர். போன மாசம் தவறிட்டார். சொந்த ஊரைச் சொன்னதே இல்ல. நாங்களே எடுத்துப் போட்டோம்."

அம்மா எழுந்திருக்கவில்லை. தட்டை முன்னால் நகர்த்தினாள்.

"இன்னொரு கரண்டி ஊத்துங்க. என் மூத்தவன் சமையல்."