இத்தாலி வண்டி

உத்தமபாளையம் பழைய இரும்புக்கடையில் வாங்கிய கோ-கார்ட் ரேஸ் வண்டிச் சட்டத்தை, மூன்று ஞாயிறுகளாகத் துரு சுரண்டி முடித்தான் ஜோ. கம்பெனி பெயர் எங்குமே இல்லை.

"வாட்ஸ்அப் குரூப்ல இது இத்தாலி மாடல்னு சொல்றாக, பெனிஷா. ஆனா எவனோ ஒரு முட்டாள் சீட்டுக்கு அடியில ஒரு பைப்பைக் கோணலா வெல்டு வச்சிருக்கான். வெட்டி எடுக்கப் போறேன்."

காபியோடு வந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

"வெட்டிராதீக! அது இல்லாட்டி மொதத் திருப்பத்துலயே சீட்டு கழண்டுரும்."

"பேங்க்ல வேலை பாக்குற உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க காலேஜ் புராஜெக்ட் வண்டிங்க இது. மொத நாள் ஓட்டுனப்ப சீட்டோட போயி விழுந்தேன். மறுநாள் அந்தப் பைப்பை வச்ச முட்டாள் நான்தேன்."