டிரில் சாவி

மயிலாத்தாள் போல்ட்டைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

அட, கஷ்டகாலமே! தலைப்பக்கம் டிரில்லுக்குள் போகுமா?

நாற்காலியின் பிடியை அவர் இடது கையால் இறுக்கினார். வலது கை மடியில் சும்மா கிடந்தது.

வாயைத் திறக்கவில்லை.

ஆடியில் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று தண்ணீர் கேட்டார். நாக்கு புரளாமல் என்னவோ ஒரு சத்தம் வந்தது. பார்க்க வந்திருந்த மச்சான் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, தன்னையறியாமல் வந்த சிரிப்பு. ஆனால் அன்றைக்கு மூடிய வாயைக் கார்த்திகை பிறந்தும் அவர் திறக்கவில்லை.

பேசப் பேசத்தான் பேச்சு வரும், விட்டுவிட்டால் இப்படியே நின்றுபோகும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். மயிலாத்தாள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், ஒருநாள் முழுக்கக் கோபித்துக்கொண்டும் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் குழறினால் மானம் போய்விடுமாம்.

"அவரு சத்தமில்லாம இது வீடாட்டவே இல்ல சாமி," என்று அவள் மகளிடம் போனில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது குளியலறை வாசலில் உட்கார்ந்து டிரில்லோடு மல்லுக்கட்டுகிறாள்.

எல்லாம் அந்தக் கம்பியால் வந்த வினை. அவர் பிடித்து நடக்கவென்று குளியலறைச் சுவரில் பதித்த கம்பி. பதித்தவன் முனையைத் தேய்க்காமல் போய்விட்டான். பிசிறு அவர் உள்ளங்கையைக் கீறிவிட்டது. "இத்தனூண்டு வேலைக்கு எவன் வருவானுங்க? நானே தேச்சுப்போடறேன்," என்று பரணிலிருந்து டிரில்லை இறக்கிவிட்டாள்.

அந்த டிரில்!

மில் போனஸில் வாங்கியது. அவளுக்கு மாவாட்டும் கிரைண்டர் மேல் ஆசை. அவருக்கு இரும்பு தேய்க்கும் கிரைண்டர் மேல் ஆசை. அந்தக் காசுக்கு வந்தது டிரில்.

ஓட்டை போடும் மெஷினை வைத்துக்கொண்டு ஓட்டை மட்டும் போட்டால் அவர் என்ன ஃபிட்டர்? கிரைண்டிங் வீல் ஒன்றை வாங்கி வந்தார். அதன் நடு ஓட்டையில் போல்ட்டை விட்டால் லொடலொடவென்று ஆடியது. பழைய குழாயில் ஒரு துண்டு அறுத்து இடையில் செருகினார். இரண்டு பக்கமும் வாஷர், மேலே நட்டு. போல்ட்டின் வாலை டிரில் வாயில் கொடுத்து முறுக்கினார்.

சுற்றியது பாருங்கள்!

நிஜ கிரைண்டரின் வேகம் இல்லைதான். அதனால் என்ன? தேய்த்ததா இல்லையா?

ஜன்னல் கம்பி, செருப்பு ஸ்டாண்டு, மகளுக்கு ஊஞ்சல், எல்லாம் அதில் தேய்த்தவை. இரும்பை அவள் பிடிப்பாள், அவர் தேய்ப்பார். பொறி தெறித்து அவள் சேலையெல்லாம் பொத்தல். அதைக் கட்டிக்கொண்டே ரேஷன் கடைக்குப் போய், "எங்க வீட்டுக்காரரு வேலைங்க," என்று பெருமை வேறு அடித்துக்கொள்வாள்.

வேலை முடியும்வரை அவர் வாய் ஓயாது. நேராகப் பிடி. தள்ளி நில். பராக்குப் பார்க்காதே. அவள் சரிங்க, சரிங்க என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் திட்டு வாங்காமல் அவள் சோறு போட்டதில்லை.

என்ன நாட்கள் அவை!

போல்ட்டை அவளே திருப்பிப் போட்டாள். அப்பாடா.

வாஷரை ஒரு பக்கம்தான் போட்டாள். அவர் பல்லைக் கடித்தார். கொஞ்ச நேரம் துழாவிவிட்டு மறுபக்கமும் போட்டாள்.

வாலை டிரில் வாயில் கொடுத்தாள். வாயை இறுக்கும் சாவியைச் செருகி முறுக்கினாள். எழுந்து கம்பிக்கு நேரே வீலைப் பிடித்தாள்.

சாவியை எடுக்கவில்லை.

அது டிரில் வாயிலேயே குத்திக்கொண்டு நின்றது. ஸ்விட்சை அமுக்கினால் போதும், சுழற்றி வீசிவிடும். ஒருமுறை அப்படித்தான் பறந்துபோய் பீரோக் கண்ணாடியை நொறுக்கியது. இப்போது அதற்கு நேரே அவள் முகம்.

இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றவளுக்கு இதுகூடவா மறந்துபோகும்?

அவள் விரல் ஸ்விட்சுக்குப் போனது.

அவர் எழப் பார்த்தார். கால் வரவில்லை.

"சா... சாவ்வி! எழு... எடு புள்ள!"

குழறித்தான் வந்தது. ஆனால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி வந்தது.

விரல் நின்றது.

அவள் டிரில்லை மெல்லக் கீழே வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள்கள் குலுங்கின.

அவருக்குப் படபடப்பு அடங்கவில்லை. கோபமும் அடங்கவில்லை. கண்ணு போயிருந்தா என்னடி பண்ணுவே என்று கேட்க வாயெடுத்தார்.

அப்போதுதான் வயரைக் கவனித்தார்.

கறுப்பு வயர் டிரில்லிலிருந்து தரையோடு வளைந்து வந்து அவர் நாற்காலிக்கு அடியில் முடிந்தது. பிளக் அவர் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

பிளக்கைப் பார்த்தார். அவள் முதுகைப் பார்த்தார்.

"க... கள்ளி," என்றார்.

மயிலாத்தாள் திரும்பினாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. முந்தானையால் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னொருக்கா திட்டுங்க," என்றாள்.