பெட்டி தூக்க வந்தவர்

செஞ்சிக் கோட்டை மலையின் நிழல் கல்யாணப் பந்தலைத் தொடுகிறது. குழாய் ஸ்பீக்கர் ஓய்ந்திருக்கிறது. வெளியே வைக்கோல் தீயில் ஆதிமூலம் பறையைக் காய்ச்சுகிறார். அது கணீரென்று பேசினால்தான் நூருல்லா ஆர்மோனியத்தில் அதற்கேற்ற கட்டையைப் பிடிப்பார். "இரு நூரு, இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்கிறார் ஆதிமூலம். பெண்ணின் தகப்பனார் முகத்தைச் சுளிக்கிறார். "இன்னா பாய், உங்க பாட்டுக்குத்தான கூப்ட்டோம்? கல்யாண வூட்ல பறையா? யாரு அந்த ஆளு?" மூடிய ஆர்மோனியப் பெட்டியின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்த நூருல்லாவின் விரல்கள் நிற்கின்றன. "பெட்டி தூக்க வந்தவருங்க" என்கிறார். சொன்னதுமே காது சுடுகிறது. ஆதிமூலம் பறையைத் தீயருகே வைத்துவிட்டு வருகிறார். தலைத்துண்டைச் சும்மாடாகச் சுற்றுகிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நூருல்லாவே சுமந்து வந்த பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். "எங்க எறக்கணும், மொதலாளி?"