பயம் வரணும்!

“வாயில என்ன?”

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த கேள்வியில் இயக்குநர், மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை அப்படியே விழுங்கிவிட்டார். திரும்பினால், கஞ்சி போட்ட புடவை, இழுத்துக் கட்டிய கொண்டை, ஒரு ஜெயிலையே பூட்டிவிடலாம் போல இடுப்பில் சாவிக்கொத்து.

“ஒ... ஒண்ணுமில்ல மேடம்.”

“முழுங்கிட்டு ஒண்ணுமில்லையா? நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியுது மேடம். பிரின்சிபால் மேடம். பர்மிஷனுக்கு உங்ககிட்ட போன்ல பேசினது நான்தான்...”

“தெரிஞ்சா சரி. கையைக் கட்டு.”

கட்டினார். அந்தக் காலத்துப் பெண்கள் விடுதிப் பள்ளியைப் பற்றிப் படம் எடுக்கிறவர் அவர். அறுபது வருஷத்துக்கு முந்தைய தூசிதான் வேண்டும் என்று அடம்பிடித்து, நிஜப் பள்ளிக்கூடமாகவே தேடி, லீவு விட்ட நேரத்தில் வாடகைக்கு எடுத்திருந்தார்.

தூசி கிடைத்துவிட்டது. வார்டன் வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. வந்த நடிகைகளை எல்லாம், “பார்த்தா பயம் வரணும்யா, இதெல்லாம் பாவமா இருக்கு” என்று செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இன்றைக்குள் வார்டன் வராவிட்டால் படத்தையே மூட்டை கட்டிவிடுவேன் என்று தயாரிப்பாளர் கத்திவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு நடுவில் இந்த வில்லங்கம்.

“இது ஸ்கூலா, சந்தைக்கடையா? எல்லாரும் லைன்ல நில்லுங்க. உயரப்படி!”

பூகம்பமே வந்தாலும் டீயைக் குடித்து முடிக்காமல் நகராத யூனிட், கண்மூடித் திறப்பதற்குள் வரிசையாக நின்றது. கேமராமேன் தொப்பியைக் கழற்றினார். கதாநாயகி, காலையிலிருந்து உட்கார்ந்து ஒட்டிய நகங்களைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மலையிலிருந்து குதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஸ்டண்ட் மாஸ்டர், சுண்டுவிரலைத் தூக்கினார்.

“மேடம்... ஒண்ணுக்கு...”

“இன்டர்வல்ல போ!”

வாசலோரம் பிஸ்கட் கடித்தபடி வேடிக்கை பார்த்த சுடிதார்ப் பெண்மணியையும் அம்மாள் விடவில்லை. “நீ என்ன தனி ராஜ்யமா? லைன்ல வா!” அவர் பிஸ்கட்டை உள்ளங்கைக்குள் நசுக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கடைசியில் நின்றார்.

லைட்மேன் விறைத்து நின்ற வேகத்தில் முழங்கை பட்டு, பெரிய விளக்கு லேசாகத் திரும்பிவிட்டது. அம்மாள் திட்டுவதை நிறுத்தாமலே ஓரடி நகர்ந்து, முகத்தை வெளிச்சத்துக்குள் கொண்டுவந்து, மேற்கொண்டு திட்டினார்.

“எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டுக் கிளம்பு. இங்க இனிமே ஷூட்டிங்கே கிடையாது!”

“மேடம், அப்படிச் சொல்லாதீங்க மேடம். என் பொழைப்பே போயிடும்.” இயக்குநருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கிளிசரின் இல்லாமல் அந்த யூனிட்டில் வந்த முதல் கண்ணீர் அதுதான்.

பக்கத்தில் நின்ற உதவி இயக்குநர் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தான். “சார், பேசாம இவங்களையே வார்டனா போட்டுடுங்களேன். எனக்கே பயமா இருக்கு.”

இயக்குநர் அப்போதுதான் நிமிர்ந்து அம்மாளின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கும் பயம் வந்தது. முகம் பிரகாசமாகிவிட்டது!

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்களே வார்டனா நடிக்கிறீங்களா? மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்புறம் பேச்சு மாறமாட்டியே?”

“சத்தியமா மாட்டேன் மேடம். இத்தனை பேர் சாட்சி!”

அந்த நேரம் பார்த்து, வரிசையின் கடைசியில் ஒரு கை பயந்து பயந்து மேலே வந்தது. சுடிதார்ப் பெண்மணி.

“மேடம்... நான் போய் உட்காரலாமா?”

“எதுக்கு?”

“இல்ல மேடம்... நான்தான் இந்த ஸ்கூல் பிரின்சிபால். சின்ன வயசுல ஹாஸ்டல்ல படிச்சவ. நீங்க ஒரு அதட்டல் போட்டதும் கால் தானா லைனுக்கு வந்துடுச்சு.”

இயக்குநருக்குத் தொண்டையில் சூயிங்கம் மறுபடி ஏறி இறங்கியது. “அப்ப... நீங்க யாரும்மா?”

அம்மாள் சாவிக்கொத்தை அவிழ்த்து, கலை இயக்குநரின் மேஜையில் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். முகம் சட்டென்று பாவமாகிவிட்டது.

“பயம் வரலைன்னு நேத்து திருப்பி அனுப்பினீங்களே... இப்ப வருதா சார்?”