கன்னத்தில் ஒரு சோதனை

காற்றுப் பட்டாலே பவளக்கொடியின் கன்னத்து நரம்பு வலியில் சுண்டி இழுக்கும். அதனால் ஐந்து வயது மகள் நன்முல்லை அம்மாவின் உள்ளங்கையில்தான் முத்தம் கொடுப்பாள்.

ஆஸ்பத்திரிக் கணினி பவளக்கொடியின் முகத்தை நரம்பு நரம்பாகத் திரையில் படைத்தது. வலித்தால் அந்த முகம் சிவக்கும். கஞ்சாச் செடியின் சத்துகளை லட்சம் விதமாகக் கலந்து கணினியிலேயே அதற்குக் கொடுத்துப் பார்த்ததில், ஒரு கலவைக்குச் சிவப்பு அணைந்தது. அதையே இன்று பவளக்கொடியின் நாக்கில் சொட்டினார்கள்.

அரைமணி கழித்து மின்விசிறியைப் போடச் சொன்னாள். காற்று வெறும் காற்றாக இருந்தது. பக்கத்தில் நின்ற மகளிடம் மெல்லக் கன்னத்தைக் காட்டினாள்.

"இங்க குடு, கண்ணு."

"வலிக்கும்லம்மா?"

நன்முல்லை திரைப் பக்கம் ஓடினாள். அதில் தெரிந்த அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டு, சிவக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அப்புறம்தான் நிஜ அம்மாவிடம் வந்தாள்.