கிராஷ் ஆகும் த்ரெட்

"இன்னைக்கும் நின்னுபோச்சாம்மா?" சூப்பர்வைசர் சாதிக் பாட்சா ஹாலுக்கே கேட்கும்படி கேட்டார்.

"ஆமா சார்." சுடர்விழிக்கு நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை.

திருக்கோகர்ணத்தில், பழைய பத்திரங்களை டைப் அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. டைப் அடிக்கும் பெண்களின் மெஷினில் ஓடும் ஆப்பை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவள் அவள்தான். வேலை நடக்கிறதா என்று அடிக்கடி திரையைப் படம் பிடிக்க, அதற்குள் ஒர்க்கர் த்ரெட் என்று பின்னணியில் தனியாக ஓடும் ஒரு பகுதி உண்டு. தினமும் முற்பகலில் அது மட்டும் எல்லா மெஷினிலும் கிராஷ் ஆகும். உடனே கம்பெனி ஓனரின் போனுக்கு எச்சரிக்கை போகும். கொஞ்ச நேரத்தில் த்ரெட் தானாகவே எழுந்து ஓடும்.

மெமரியைப் பார்த்தாள். லைப்ரரியை மாற்றினாள். பழைய வெர்ஷனுக்குப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் பாக்கப்போறதா ஓனர் சொல்றாரும்மா" என்றார் சாதிக்.

அன்று, எர்ரர் மெசேஜ் முழுதாகப் பதிவாகும்படி செய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கிராஷ் ஆனதும் காரணம் தெரிந்தது. படங்களைப் போட்டு வைக்கும் சர்வர் ஃபோல்டரையே காணோம். த்ரெட் அதைத் தேடி, கிடைக்காமல் செத்துப்போகிறது. யாரோ ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுப் பிறகு பழையபடி வைக்கிறார்கள்.

சர்வர் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் ரெண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர் சாதிக்.

சீட்டில் அவர் இல்லை. பின்பக்கம், ஸ்டோர் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னைத் துரத்தணும்னா நேராச் சொல்லலாம்ல சார்? எதுக்கு ஃபோல்டரை மாத்துறீங்க?"

"மெதுவாப் பேசும்மா." சாத்தியிருந்த கதவைக் காட்டினார். உள்ளே கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. "உள்ள நம்ம டைப் அடிக்கிற ராசாத்தி இருக்கா. தினமும் பால் குடுக்க, மாமியா கீரமங்கலத்துலேருந்து பஸ்ல புள்ளையத் தூக்கியாருது. புட்டிப்பால் ஒத்துக்க மாட்டேங்குதாம்."

"ஓனர்கிட்ட கேக்கலாமே?"

"கேட்டேன். டைப் அடிக்காம எந்திரிச்சுப் போனா ஆளை நிப்பாட்டிருங்கன்னுட்டாரு. அவ மெஷின்ல மட்டும் படம் புடிக்கிறது நின்னா தெரிஞ்சுபோயிரும்னு எல்லாத்தையும் நிப்பாட்டினேன்."

"அப்ப என் வேலை போனாப் பரவாயில்லையா?"



"அதுக்குத்தாம்மா வழி தெரியலை. எனக்குத் தூக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு."

உள்ளே பிள்ளையின் அழுகை நின்றது. சுடர்விழி தன் சீட்டுக்குப் போய் ஆப்பின் புரோகிராமைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை ஓனர் போன் செய்தார். "இப்ப கிராஷே ஆகலையே. என்ன பண்ணுனீங்க?"

"நான் எழுதுனதுலதான் சின்னத் தப்பு இருந்துச்சு சார். சரி பண்ணிட்டேன்."

ஃபோல்டரைக் காணோம் என்றால் இனிமேல் த்ரெட் சாகாது. ஃபோல்டர் திரும்பி வரும்வரை யாருக்கும் சொல்லாமல் காத்திருக்கும்.