இடது புருவம்

கூரை ஓடுகள் பறந்த பிறகு மத்தேயுவின் ஸ்டூடியோவில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

சன்னல் சின்னது, வெளிச்சம் போதாது என்று வருடக்கணக்காய்ப் புலம்பிய மனுசன். கார்த்திகைச் சூறாவளி ஒரே இரவில் அந்தக் குறையைத் தீர்த்துவைத்துவிட்டது.

மரத்தாங்கியில் அவர் தீட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையின் முகம் இருந்தது. பக்கத்தில் அதே பிள்ளையின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வாவியிலிருந்து தூக்கிப் போட்ட பிறகு பொலிஸார் எடுத்தது.

பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்றார் சார்ஜன்ட் தங்கராசா. அவ்வளவு வீக்கம். உயிரோடு எப்படி இருந்திருப்பாளோ அப்படிப் படம் கீறித் தந்தால் பஸ் நிலையத்தில் மாட்டலாம், யாராவது வந்து பெயர் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எண்ணெய்ச் சாயம் என்றால் காயவே நாளாகும். நல்லவேளை, லண்டனிலிருந்து தம்பி அனுப்பிய அக்ரிலிக் சாயக் குழாய்கள் பெட்டிக்குள் தப்பிக் கிடந்தன. தண்ணீரில் குழைத்துப் பூசினால் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். காய்ந்ததைச் சுரண்ட முடியாது. பிழையாகிப் போனால் மேலே இன்னொன்றைப் பூசி மூட வேண்டியதுதான்.

அப்படித்தான் மூடி மூடி வந்தார். ஒவ்வொரு பூச்சுக்கும் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. உப்பிய கன்னத்துக்கு அடியிலிருந்து தாடை வெளியே வந்தது. செத்த பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பதைப் போலிருந்தது.

தோலின் நிறம்தான் பிடிபடவில்லை. இந்தச் சாயம் காயும்போது ஒரு படி கறுத்துவிடும். கடைசியில் தன் கையின் உட்புறத்தையே மாதிரியாக வைத்துக் குழைத்தார். பொருந்தி வந்தது.

யாரோ ஒரு தாய் இதைப் பார்த்து அலறப்போகிறாள் என்ற நினைப்பு மட்டும் அவரை விடவில்லை. நேற்றுப் பின்னேரம் புருவங்களை எழுதி முடித்துவிட்டு, குளிக்கக் கிணற்றடிக்குப் போனார்.

அவருடைய மகள் செசீலியா மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போனவள். சூறாவளிக்குப் பிறகு வரவில்லை.

றோட்டெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, பிள்ளை எப்படி வருவாள் என்பது மனைவி செபஸ்தியம்மாவின் கணக்கு. மரங்களை அறுத்து அகற்றி பஸ்ஸும் ஓடத் தொடங்கிவிட்டது. அவள் கணக்கை மாற்றவில்லை. தினமும் பஸ் நிலையத்தில் போய் நிற்பாள். இரவில் மகளின் பங்குச் சோற்றை மேசையில் மூடி வைப்பாள். விடிந்ததும் மத்தேயு வாய் திறக்காமல் அதை நாய்க்குப் போடுவார்.

இன்று காலை தேத்தண்ணியோடு வந்தவள், கோப்பையை வைத்துவிட்டு வாசலில் நின்றாள். படத்தின் பக்கம் திரும்பவில்லை.

"இந்தப் புள்ளைய எங்கயாம் தாட்டிருக்கு?"

வாவிக்கரையில், மற்றப் பிரேதங்களோடு புதைத்தார்களாம் என்றார். இவளுக்கு எதற்கு இந்தக் கதையெல்லாம் என்று எரிச்சலாக வந்தது. அவள் போய்விட்டாள்.

பிறகுதான் காலை வெளிச்சத்தில் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு. மயிர் முளைக்காத சின்னக் கோடு.

அதைக் கீறிய ஞாபகமே அவருக்கு இல்லை.

சின்ன வயதில் அவருடைய சைக்கிள் பாரிலிருந்து விழுந்து, செசீலியாவுக்கு வந்த தழும்பு அது.

புத்தி பேதலித்துவிட்டது என்று தன்னையே ஏசிக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்துப் புகைப்படத்தின் மேல் பிடித்தார். வீங்கிய இமைக்கு மேலே, இழுபட்டு அகன்ற புருவத்தில், அதே இடத்தில் அதே கோடு இருந்தது. நேற்று இதைப் பார்த்துத்தான் கீறியிருக்கிறார். பார்த்தது தெரியாமல் கீறியிருக்கிறார்.

அவர் கத்தவில்லை. கத்தினால் குசினியில் சமைக்கிறவளுக்குக் கேட்கும்.

படம் பஸ் நிலையத்தில் தொங்கும். செபஸ்தியம்மா அங்கேதான் நிற்பாள். ஒவ்வொரு பஸ்ஸிலும் மகளைத் தேடுகிறவள், ஒருதரம் தலையைத் திருப்பினால் போதும்.

சார்ஜன்ட் வருகிற நேரமாகிவிட்டது. மத்தேயு கறுப்பையும் மண்ணிறத்தையும் குழைத்தார். புருவத்தின் வெட்டை மூடினார். மூக்கை அகட்டினார். தாடையில் சதை வைத்தார். பாடுபட்டு வெளியே கொண்டுவந்த முகம், யாரோ ஊர் தெரியாத பிள்ளையின் முகமானது.

இனி யாரும் வந்து பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு பூசை இல்லாமல், சிலுவையில் பெயர் இல்லாமல் பிள்ளை அந்தக் கரையிலேயே கிடப்பாள். ஒரு தகப்பன் செய்கிற வேலையா இது என்று நெஞ்சு வெந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. ஒருத்தி போய்விட்டாள், மற்றவளையாவது காப்பாற்ற வேண்டும்.

சாயம் காய்ந்தது.

வெறும் கோப்பையை எடுக்க வந்த செபஸ்தியம்மா இந்தமுறை வாசலில் நிற்கவில்லை. நேரே படத்துக்கு முன்னால் வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நேத்து இருந்த தழும்ப ஏன் அழிச்சீங்க?"

காலையில் நாய் மத்தேயுவின் காலையே சுற்றிச் சுற்றி வந்தது. நேற்றிரவு அவள் மகளின் பங்குச் சோற்றை மேசையில் மூடி வைத்திருக்கவில்லை. அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

அவள் தண்ணீர்ப் போத்தலில் கிடந்த தூரிகையை எடுத்து, சீலைத் தலைப்பில் துடைத்து, அவர் கையில் வைத்தாள்.

பிறகு தன்னுடைய இடது புருவத்தின் நடுவே விரலை வைத்துக் காட்டினாள்.